வெள்ளைக்கு மேல் ஒரு நீலம்

பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெருங்களத்தூர் பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று முன்னால், எங்கள் காரின் பின்கதவைத் திறந்துகொண்டு ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்தது. கணவன், மனைவி, ஒரு பெண் குழந்தை, இரண்டு பை, ஒரு சாக்கு மூட்டை. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் இருந்தாள். வண்டி கால் மணி நேரமாக ஓர் அடிகூட நகராமல் நின்றிருந்தது.

"திண்டிவனம் தானேக்கா? தலைக்கு எவ்ளோ?" என்றாள் அந்தப் பெண்.

அம்மா அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். திரும்பிப் பார்ப்பதிலேயே ஒரு வகுப்பை அடக்கிவிடுவாள். "இது டாக்ஸி இல்லைம்மா. சொந்த வண்டி" என்றாள்.

"அப்ப இன்னாத்துக்கு வெள்ளையா வெச்சிகீறீங்க?"

மூவரும் இறங்கினார்கள். மூட்டை இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கதவைச் சாத்தும்போது அந்த மனிதர், "சாரி டீச்சர்" என்றார். டீச்சர் என்று எப்படித் தெரிந்ததோ.

அந்தச் சாலையில் தலைக்கு இவ்வளவு என்று ஆள் ஏற்றுகிற கார்கள் பெரும்பாலும் வெள்ளைதான். எங்களுக்கு அது முதல் தடவையும் இல்லை. என் குறிப்பேட்டில் அப்படிப்பட்ட நிகழ்வுகளை எழுதி வைத்திருந்தேன். மூன்று தடவை கண்ணாடியைத் தட்டி ஊர் கேட்டது, ஒரு தடவை நாவலூரில் என் அலுவலக வாசலில் ஒருவர் ஏறிக்கொண்டு ஓடிபி எண்ணைச் சொன்னது, இப்போது இது. மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. ஒரே பிழை ஐந்து தடவை வந்தால் அதைத் தற்செயல் என்று எழுத முடியாது. வாரத்தில் மூன்று நாள் இந்தக் காரில்தான் வண்டலூர் வழியாக அலுவலகம் போகிறேன். மற்ற நாள்களில் அம்மா அதை எடுத்துக்கொண்டு தாம்பரத்தில் இருக்கும் பள்ளிக்குப் போவாள். அன்றிரவு சாப்பிடும்போது, "கலரை மாத்திடலாமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா மோரை ஊற்றிக்கொண்டே யோசித்தாள். கார் அவளுடையது. ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, தானே போய்த் தேர்ந்தெடுத்து வாங்கியது. "மாத்து. ஆனா நான் கேக்குற அன்னிக்கு எனக்கு வெள்ளையா திருப்பிக் கொடுக்கணும். ஒரு கீறல் இருக்கக் கூடாது" என்றாள்.

பெயின்ட் அடிப்பது அத்துடன் அடிபட்டுப் போயிற்று. மிஞ்சியவை இரண்டு. ஒன்று, வினைல் ஸ்டிக்கர்: பெரிய தாளாக வரும், சூடு காட்டி இழுத்து ஒட்டி, ஓரங்களைப் பிளேடால் நறுக்குவார்கள். இன்னொன்று, கடைக்காரர்கள் ரப்பர் பெயின்ட் என்று சொல்லும் பூச்சு: பெயின்ட் போலவே ஸ்பிரே கன்னால் அடிப்பது, காய்ந்ததும் ரப்பர் தோலாகிவிடும், வேண்டாதபோது உரித்துவிடலாம். ஒரு பக்கத்தில் நடுவே கோடு போட்டு இரண்டையும் எதிரெதிரே எழுதினேன். உழைப்பில் ஸ்டிக்கர் ஜெயித்தது. வெயிலிலும் ஸ்டிக்கர்தான். பெட்ரோல் சிந்தினால் ரப்பர் பூச்சு கரைந்துவிடும், அதிலும் ஸ்டிக்கருக்கே மார்க். ஆனால் கடைசி வரியில் 'பிளேடு' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தேன். அம்மாவின் காரின்மேல் பிளேடு வைக்க என்னால் முடியாது.

இரும்புலியூரில், ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய சர்வீஸ் சாலையில் ஒரு கடை இருந்தது. நடத்துகிற அண்ணன் என் குறிப்பேட்டை வாங்கி முழுதாகப் படித்தார்.

"நல்லா எழுதிகீறீங்க மேடம். இவ்ளோ எழுதிட்டு தப்பான பக்கம் டிக் அடிச்சிட்டீங்களே. ஸ்டிக்கர் போடுங்க. வருஷக்கணக்குல திரும்பிப் பாக்க வேணாம்."

"பிளேடு வேண்டாம்ண்ணா."

"அது கை சுத்தம் மேடம். என் கை மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க கை மேல இருக்கு. அம்மா கண்ணு மேல பயமா இருக்கு."

சிரித்தார். "சரி. ரப்பரே அடிக்கலாம். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. ஒரு வருஷம், மிஞ்சிப் போனா ஒன்ற வருஷம். அதுக்குள்ள உரிச்சுடணும். நம்மூரு வெயில்ல அதுக்கு மேல வுட்டா பேஜார்."

அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதினேன். ஃபோனிலும் நினைவூட்டல் போட்டேன். ஆர்சியில் நிறத்தை மாற்ற ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். மாசி பிறப்பதற்குள் கார் சாம்பல் கலந்த நீலமாகிவிட்டது. வீட்டு வாசலில் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஸ்டாஃப் ரூம் பீரோ கலர்" என்றாள் அம்மா. ஆனால் அந்த வருடத் தீபாவளி நெரிசலில் பெருங்களத்தூரை முழுதாகக் கடந்தபோது ஒருவர்கூடக் கதவைத் தொடவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். இரண்டு பேருமே எதன்மேல் இருக்கிற உறையையும் பிரித்ததில்லை. டிவி ரிமோட் அது வந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது. பொத்தான்களின் எழுத்து மங்கிவிட்டது, ஆனாலும் உறை போகவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் நட்சத்திரம் போட்ட மின்சார ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. கார் இருக்கைகளில் ஷோரூமிலிருந்து வந்த பாலித்தீன் இன்னமும் இருக்கிறது. சித்திரை வெயிலில் உட்கார்ந்து எழுந்தால் முதுகோடு ஒட்டிக்கொண்டு சத்தம் போடும். "பிரிச்சா புதுசு போயிடும்" என்பாள் அம்மா. நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன்.

அதனால், ஒரு வருடம் முடிந்து ஃபோன் எனக்கு நினைவூட்டியபோது பால்கனியிலிருந்து காரை எட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதம் தள்ளி வைத்தேன். பிறகு இன்னொரு மாதம். "நல்லாத்தானே இருக்கு, இப்ப எதுக்கு உரிக்கணும்?" என்று அம்மாவும் சொன்னாள். எங்கள் அடுக்குமாடியில் எங்களுக்கு ஒதுக்கியிருந்தது திறந்தவெளி நிறுத்தம். மேலே ஒரு வேப்பமரக் கிளைகூடக் கிடையாது. இரண்டு கோடைகள் அந்தப் பூச்சின்மேல் முழுதாக இறங்கின. பெட்ரோல் சொட்டைக்கூட நான் விழ விடவில்லை, ஒவ்வொரு தடவையும் துணியோடு நின்றேன். யார் உரிக்கப் போகிறார்கள் என்ற கேள்விதான் என் பட்டியலில் இல்லை.

இந்த மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேர்வுத்தாள் கட்டை மேசையில் வைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "ஏப்ரல் கடைசி வேலை நாள்தான் எனக்கும் கடைசி. அன்னிக்கு வண்டி வெள்ளையா இருக்கணும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கதை எனக்குத் தெரியும். காரை வாங்கிய மறுநாள் அவள் முதன்முதலாகத் தனியாகப் பள்ளிக்கு ஓட்டிப் போனாள். வெள்ளைக் காரைப் பார்த்ததும், ஆய்வுக்கு அதிகாரி வந்துவிட்டார் என்று நினைத்து வாட்ச்மேன் பெரிய கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து சல்யூட் அடித்திருக்கிறார். வகுப்புகள் எல்லாம் கப்சிப். தலைமை ஆசிரியை வராந்தாவுக்கு ஓடி வந்து நிற்கிறார். கார் கதவு திறந்து, சாப்பாட்டுப் பையோடு அம்மா இறங்குகிறாள். முப்பது வருடம் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து பக்கத்துச் சின்னக் கதவு வழியாக நுழைந்தவள். அதே காரில், அதே கதவு வழியாக வெளியே வர வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. இதைத் தவிர அவள் என்னிடம் எதுவும் கேட்டதாக நினைவில்லை.

அன்று மத்தியானமே இறங்கிப் போய்க் கதவின் ஓரத்தில் நகத்தை நுழைத்தேன். பின்கதவு சுலபமாகத்தான் வந்தது. சின்ன வயதில் உள்ளங்கையில் பசையைக் காயவைத்து உரிப்போமே, அதைப் போல நீளமாக, சுகமாக வந்தது. நம்பிக்கையோடு பானட்டுக்குப் போனேன். அங்கே தோல் வரவில்லை, தூள்தான் வந்தது. நகம் பட்ட இடத்தில் மட்டும் கடுகளவு பெயர்ந்து, சுற்றிலும் அப்படியே பிடித்துக்கொண்டது. கூரை இன்னும் மோசம். ஹேர் டிரையரைக் கொண்டுவந்து சூடு காட்டினேன். ஈரத்துணியை ஊற வைத்தேன். ஒரு மணி நேரத்தில் என் உள்ளங்கை அகலம்தான் வெளுத்திருந்தது. அதன் நடுவே ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பாகக் கோடு. சுரண்டியது நான்தான். அடியில் இருக்கிற பெயின்ட் வரை போய்விட்டது என்று நினைத்தேன்.

கீழ் வீட்டு அக்கா வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். "தேங்காய் எண்ணெய் தடவிப் பாரேன். பலாப்பழப் பிசினே போயிடும்."

"இது பலாப்பழம் இல்லைக்கா."

"எனக்கென்ன தெரியும். பாத்தா தோலு உரிச்ச நாகப்பாம்பு மாதிரி கீது, சொன்னேன்."

நிமிர்ந்து பார்த்தேன். பால்கனியில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நான் மேலே போனதும் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "போகட்டும் விடு. நீலத்துலயே போறேன். கதவு யாருக்கும் திறக்கும்" என்றாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு இரும்புலியூருக்கு ஓட்டினேன். அண்ணன் காரைச் சுற்றி ஒரு தடவை வந்தார். கூரையில் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஒரு வருஷத்துல வாங்கன்னு சொன்னேனே மேடம். நீங்ககூட எழுதிக்கினீங்க."

"எழுதினேன்."

"அப்புறம்?"

"நல்லாத்தானே இருக்குன்னு…"

குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். இருக்கைகளின் பாலித்தீனைப் பார்த்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். "ஓ. இது அந்தக் கேஸா. எங்க வூட்லயும் இதே கதைதான், சோபா மேல ஒரு வாட்டியும் உக்காந்ததில்ல."

கறுப்புக் கோட்டைக் காட்டினேன். பழைய பனியன் துணியில் எதையோ தொட்டு அதன்மேல் இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். கோடு துணிக்கு வந்துவிட்டது. அடியில் வெள்ளை. "இது அழுக்கு மேடம். பெயின்ட் அப்படியே கீது. பயந்துட்டீங்களா?"

"ராத்திரி தூங்கலை."

"அதான் மூஞ்சில தெரியுது." பிறகு அவர் சொன்ன வழியை முதலில் நான் நம்பவில்லை. "இத்த எடுக்கணும்னா இது மேலயே இன்னும் அடிக்கணும். வெயில்ல காஞ்சி மெலிசாப் போச்சு, அதான் வலு இல்லாம தூளா வருது. மேல தடியா நாலு கோட்டு அடிச்சா, புதுசு பழச ஊற வெச்சிப் புடிச்சிக்கும். காஞ்சதும் ரெண்டும் ஒண்ணா வந்துடும்."

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பூச்சில் இருக்கிற கரைப்பான் அடியில் உள்ள பழையதையும் இளக்கும், இரண்டும் ஒரே தோலாகிவிடும். ஆனாலும் முதலில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் அடித்துச் சோதிக்கச் சொன்னேன். மறுநாள் காலை அந்தச் சதுரம் முழுதாக, தோசை போல, என் கையோடு வந்தது. அடியில் இருந்த வெள்ளையை விரலால் தொட்டேன். வழவழவென்று இருந்தது. கடை வாசல் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். கதவுகளை ஏற்கெனவே உரித்துவிட்டிருந்தார் அண்ணன். கூரையும் பானட்டும் டிக்கியும் பளீரென்று மஞ்சளாக இருந்தன. மிச்சமிருந்த கலரை அடித்திருக்கிறார்.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏண்டி, ஆட்டோவாக்கிட்டீங்களா என் வண்டியை?"

"உரிக்கத்தானே போறோம், எந்தக் கலரா இருந்தா இன்னா டீச்சர்" என்று அண்ணன் பானட்டின் ஒரு மூலையைக் கிளப்பி அவள் கையில் கொடுத்தார். "இழுங்க. பாத்து, மெதுவா, கீழாக்க இழுக்கணும்."

அம்மா தயங்கினாள். நான் பார்த்தவரை அவள் எதையும் உரித்ததில்லை. பிறகு இழுத்தாள். மேலே மஞ்சள், அடியில் நீலமாக, அந்தப் பெரிய தோல் சத்தமே இல்லாமல் கழன்று வந்தது. பின்னால் வெள்ளை அகலமாகிக்கொண்டே போனது. கண்ணாடி ஓரம்வரை வந்ததும் நின்று மூச்சு வாங்கினாள். இரண்டு வருடம் வெயில் படாத வெள்ளை. கடைவாசல் ட்யூப் லைட் அதில் கோடாகத் தெரிந்தது.

"கூரையையும் நானே எடுக்கிறேன்" என்றாள். அண்ணன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுப் பிடித்துக்கொண்டார்.

உரித்த தோலை அவர் குப்பைக்கு எடுத்தபோது, பானட் தோலை மட்டும் வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "கிடக்கட்டும்" என்றாள். இப்போது அது எங்கள் பரணில் இருக்கிறது. ஆர்சிக்கு மறுபடியும் ஒரு விண்ணப்பம் போட்டேன். இந்தத் தடவை வரிசையில் நிற்பது கஷ்டமாக இல்லை.

ஏப்ரலின் அந்தக் கடைசி நாளில் நானும் பள்ளிக்குப் போனேன். வழக்கமாக, ஓய்வு பெறுகிறவரை மாலையும் கழுத்துமாக ஒரு காரில் ஏற்றி, கூட வேலை செய்தவர்கள் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். அம்மா சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. மாலையைக் கழற்றாமல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில், இரண்டு டீச்சர்கள் பின்னால் பாலித்தீன்மேல். வாட்ச்மேன் இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டுச் சல்யூட் அடித்தார். அம்மா பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்தாள். பின்சீட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

இரும்புலியூரைத் தாண்டும்போது ஹாரனை ஒரு தடவை அழுத்தினாள். கடை வாசலில் அண்ணன் கையைத் தூக்கினார்.

பெருங்களத்தூரில் வண்டி நின்றது. கையில் பையோடு ஒரு வயதான தம்பதி கூட்டத்திலிருந்து விலகி நேராக எங்களிடம் வந்தார்கள். பெரியவர் கண்ணாடியைத் தட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா கண்ணாடியை இறக்கினாள்.

"செங்கல்பட்டு போவுமாம்மா?"

மாலையைச் சற்று ஒதுக்கிக்கொண்டு, எந்தக் கோபமும் இல்லாத குரலில் அம்மா சொன்னாள்: "இல்லைங்க ஐயா. இது வீட்டுக்குப் போற வண்டி."