கங்காணி என்ற பெயர்

எங்கள் குடும்பத்தில் எல்லார் பெயருக்குப் பின்னாலும் ‘கங்காணி’ என்று வரும். ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய கொள்ளுத்தாத்தா வேலப்பனால் வந்த பட்டம் அது. அப்பாவுக்கு அதில் அத்தனை பெருமை. எனக்கு மகன் பிறந்ததும், பெயர் பதிவதற்கு முன் கொள்ளுத்தாத்தா வாழ்ந்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. மலேசியாவில் நாங்கள் இருக்கும் நீலாயிலிருந்து, அந்தத் தோட்டம் இருக்கும் கோலா சாவாவுக்குக் காரில் போனேன்.

அங்கே ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். வழி கேட்க நெருங்கினேன். குழந்தை வாயைத் திறக்க மறுத்தது.

“சாப்பிடு லா! வேலப்பன் கங்காணி பெரம்போட வர்றான் பாரு!”

குழந்தை என்னைப் பார்த்து மிரண்டு, சட்டென்று வாயைத் திறந்தது.

“யாருக்கா அந்த வேலப்பன்?” என்றேன்.

“அந்தக் காலத்து ஆளு. எங்கம்மாவையும் இப்படிச் சொல்லித்தான் மெரட்டுவாங்களாம். புள்ளத்தாச்சின்னுகூட பாக்காம அடிப்பானாம்.”

“அவர் என் கொள்ளுத்தாத்தா.”

அந்தப் பெண்ணின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“ஐயோ, தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சிருங்கண்ணே. வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து தண்ணி குடிங்க.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மகன் பெயரை அந்தப் பட்டமில்லாமல் பதிந்தேன். அப்பா இன்றுவரை என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. அவரிடம் காரணம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சொல்லை விட்டுவிட்டதால் மட்டும் நாங்கள் வேறு யாரோ ஆகிவிடுவோமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.