தேசம்மா அக்காவின் கழனியில் இறங்கிய ஆறு

திருப்பதி பேருந்து நிலையத்தில் பாகாலா வண்டிக்காக நின்றிருந்தபோது நைனா, என் அப்பா, போனில் கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்று எப்போதும் தொடங்குகிறவர் அன்று நேராகவே சொன்னார்: "தேசம்மா பூட்சிம்மா. காலையில கழனிக்குப் போனது, அங்கியே சாஞ்சிட்சி." நான் ஏற வேண்டிய வண்டி வந்தது, நின்றது, போனது. அடுத்ததாக வந்த, எங்கள் ஊர்ப் பக்கம் போகும் சத்தியவேட்டு வண்டியில் ஏறினேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்றாலும் அறியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேசம்மா அக்காவின் அப்பாவும் அம்மாவும் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஆரணி ஆற்றங்கரையில் சர்க்கார் கொடுத்த பட்டா நிலம்தான் அந்தக் குடும்பம் கண்ட முதல் நிலம். கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில் தரகர்கள் ஆற்றங்கரை நெடுகவும் நடந்தார்கள். பலர் விற்றார்கள், விற்காதவர்கள் பூட்டிவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். அக்கா விற்கவும் இல்லை, போகவும் இல்லை. ஒரு கம்பெனியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்துகொண்டு, ஷிப்டுக்கு முன்னும் பின்னும் நெல் பயிரிட்டார்.

பட்டப்படிப்பு முடித்த கையோடு நானும் அதே கம்பெனியின் சோதனைப் பிரிவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். இருவருக்கும் ஒரே வண்டி. ஒருநாள் வாசலில் சூப்பர்வைசர் அக்காவை நிறுத்தி, "இன்னாம்மா, கால் நெகத்துல எல்லாம் சேறு?" என்றார். "சேறு இல்ல சார், சொத்து. கழுவினா பூடும்னு அப்டியே இட்டுக்கினு வந்தேன்" என்றார் அக்கா. வண்டியில் பையன்கள் நிலத்தை விற்றுவிட்டு ஏசி வீட்டில் உட்காரச் சொல்லிச் சீண்டுவார்கள். "ஏசிக்குள்ள நாத்து நட முடியுமா சொல்லு. இப்பவே வித்துட்றேன்" என்பார் அக்கா.

பிறகு அந்த மழை வந்தது. நெல் கதிர் பிடித்திருந்தது. மேலே அணையைத் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது ஆறு ஏற்கெனவே கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீடுகள் இருந்த காலனிக்கு எதிரே ஆறு வளைகிற இடத்தில் கரை அடியில் கசிந்தது. அங்கே உடைந்தால் தண்ணீர் நேராக வீடுகளுக்குள் வரும். கொஞ்சம் கீழே தள்ளிக் கரையை நாமே வெட்டிவிட்டால் ஆற்றின் வேகம் குறையும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. எந்த நிலத்தில் தண்ணீர் இறங்கப்போகிறதோ அந்த நிலத்துக்காரர்தான் முதல் வெட்டு வெட்ட வேண்டும். வேறு யார் கை வைத்தாலும் அது வெட்டுக்குத்துவரை போகும். அதனால் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. மண்வெட்டியை அவர் காலடியில் வைத்துவிட்டு விலகி நிற்பார்கள்.

அன்று மண்வெட்டியைக் கொண்டுபோய் அக்காவின் காலடியில் வைத்தவர் என் நைனா.

அக்கா அதைப் பார்க்கவில்லை. கரையின் மேற்குப் பக்கமாகக் கை நீட்டினார். "எனக்கு மேல கீற கழனி யாருது?"

"ராமமூர்த்திது. மெட்ராசுல கீறான்" என்றார் நைனா.

"அதுக்கு மேல?"

"அது கம்பெனிக்கு வித்தாச்சேம்மா."

"அந்த ராமமூர்த்திக்குச் சொன்னீங்களா?"

"போன் அட்சோம். எடுக்கல."

"எடுத்தா மட்டும் போன்லயே வந்து வெட்டிடுவானா?" யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "அப்போ ஊரவுட்டுப் போனவன் கழனி தப்பிச்சிக்கும். ஊர்ல கீறவ கழனிதான் முழுகணும். அப்டித்தான மாமா?"

அப்படித்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர் இல்லாத நிலத்தின் கரையை வெட்டக் கூடாது என்பதும் அதே வழக்கம்தான். ஆற்றங்கரை நெடுகவும் அன்று ஊரில் இருந்த ஒரே சொந்தக்காரர் அக்கா. வளைவில் கரையிலிருந்து ஒரு பாளம் சரிந்து ஆற்றுக்குள் விழுந்தது. காலனிப் பக்கம் பெண்கள் கூவுவது கேட்டது.

"மோட்டாரையாவது கழட்டி மேல ஏத்துங்கடா. வேடிக்கை பாத்துக்கினு நிக்கறீங்களே" என்றார் அக்கா. பையன்கள் ஓடினார்கள். மோட்டார் மேலே வரும்வரை காத்திருந்துவிட்டுக் குனிந்து மண்வெட்டியை எடுத்தார்.

முதலில் ஒரு கை அகலத்துக்குத்தான் தண்ணீர் இறங்கியது. பிறகு கரையைத் தானே தின்றுகொண்டு அகலமானது. கதிர் பிடித்த பயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு தெரியாமல் போனது. வளைவில் நீர்மட்டம் குறைவதைக் கண்டு காலனிக்காரர்கள் மூச்சுவிட்டார்கள்.

அங்கேதான் நாங்கள் எல்லோருமே தவறியிருந்தோம். கழனியில் இறங்கும் தண்ணீர் பழைய கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்விடும் என்று நம்பியிருந்தோம். முன்பெல்லாம் அப்படித்தான் போயிருக்கிறது. ஆனால் அந்தக் கால்வாயின் மேல்தான் கம்பெனிக்குப் போகும் புதிய ரோடு போட்டிருந்தார்கள். அடியில் இரண்டு ஒல்லிக் குழாய்கள் மட்டும். தினமும் அந்த ரோட்டில் வண்டியேறிப் போன எங்களில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. தண்ணீர் ரோட்டில் மோதி நின்றது. பின் மெல்லத் திரும்பி, காலனிக்குப் பின்பக்கமாக ஏறத் தொடங்கியது.

அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கடப்பாரையை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். நாங்களும் ஓடினோம். அங்கே மண் அள்ளும் பொக்லைன் ஒன்றும், குடைபிடித்தபடி காண்டிராக்டரின் ஆள் ஒருவரும் நின்றிருந்தார்கள். ரோட்டை வெட்ட வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "மா சார்னி அடகாலக்கா" என்று அவர் போனை எடுத்தார். சாரைக் கேட்க வேண்டுமாம்.

அக்கா கடப்பாரையை அவர் காலடியில் வைத்தார். "யார் நெலமோ அவங்கதான் மொதல்ல கை வெக்கணும். எங்க ஊரு வழக்கம் இது. இது யாரு நெலம்பா?"

"சார் ஹைதராபாத்லோ உன்னாரு" என்றார் அவர்.

"அவரும் ஊர்ல இல்லியா?"

அப்போதுதான் அக்கா சிரித்தார். நான் கேட்ட சிரிப்புகளில் அதைப்போல ஒன்றில்லை. காலனிப் பிள்ளைகளையும் முடியாதவர்களையும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்துப் படி மறைந்துவிட்டது என்று ஒருவன் ஓடிவந்து சொன்னான். காண்டிராக்டரின் ஆள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சரி. இன்னிக்கி இந்த ஊர்ல கீற எல்லா நெலத்துக்கும் நானே சொந்தக்காரி" என்று சொல்லி, வைத்த கடப்பாரையை அக்காவே எடுத்துத் தார் ரோட்டில் இறக்கினார். அடுத்த நொடி எத்தனை கைகள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பொக்லைன் ஓட்டுநரும், குடைக்காரரின் முகத்தைப் பார்க்காமல், வண்டியைக் கிளப்பினார்.

காலனி தப்பித்தது. அக்காவின் கழனியில் முழங்கால் அளவு மணல் நின்றது. பயிருக்கு நிவாரணம் வந்தது, மணலுக்கு வரவில்லை. மறுபடி வேலைக்குப் போனபோது, ரோட்டை வெட்டியவளுக்கு உள்ளே இடமில்லை என்று துப்புரவு வேலைக் காண்டிராக்டர் சொல்லியனுப்பிவிட்டார். ரோடு வெட்டுப்பட்ட இடத்தில் பின்னால் அகலமான பாலம் கட்டினார்கள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் அதனடியில் தடையில்லாமல் ஓடுகிறது. காலனிக்காரர்கள் சில ஞாயிற்றுக்கிழமைகள் கூடையோடு போய் மணல் அள்ளினார்கள். அப்புறம் ஷிப்டு, ஓவர்டைம், கல்யாணம், காதுகுத்து. அக்கா மட்டும் தினமும் காலையில் அள்ளினார். கிழக்குப் பாதியை மீட்டு வேர்க்கடலை போட்டார். மேற்குப் பாதி இன்றும் மணல்தான்.

திருப்பதி வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கழனிக்குப் போனேன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமென்று, "நீங்க குடுத்ததாலதான்கா எங்க வீடெல்லாம் நிக்குது" என்றேன்.

அக்கா கூடையைக் கீழே வைத்தார். "நான் எங்கடி குடுத்தேன்? மம்ட்டிய கால்ல வெச்சிட்டு ஊரே சுத்தி நின்னா, அதுக்குப் பேரு குடுக்கறதா? நீங்க எடுத்துக்கினீங்க. எடுத்துக்கினதுல எனக்குக் கோவமில்ல. நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன். ஆனா குடுத்தா குடுத்தான்னு சொல்லிக்கினு திரியாதீங்க. துன்ன சோறு எறங்கல எனக்கு."

பாராட்டிவிட்டால் கணக்கு முடிந்துவிடும் என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மறுப்பைத்தான். யாரையாவது தியாகி என்று யாராவது சொன்னால், அவர் காலடியில் மண்வெட்டியை வைத்தது யார் என்று தேடிப் பார்க்கிறேன்.

வண்டி ஊரை நெருங்குவதற்குள் ஊர்ப் பையன்கள் போனில் கூப்பிட்டு அஞ்சலி பேனருக்கு வாசகம் கேட்டார்கள். 'தியாகச் சுடர்' என்று அவர்களே ஒன்று எழுதி வைத்திருந்தார்கள். நான் வேறொன்று அனுப்பினேன்: 'இவர் கழனியை எடுத்துக்கொண்டு நாங்கள் பிழைத்தோம்.'

"இன்னாக்கா, படிக்கறவங்களுக்கு அசிங்கமா இருக்காதா?" என்று கேட்டான் ஒருவன்.

இருக்கும் என்றேன்.

போனை யாரோ அவனிடமிருந்து வாங்கும் சத்தம் கேட்டது. நைனாவின் குரல்: "அப்டியே அடிக்கச் சொல்றேன். அடியில என் பேரையும் போடச் சொல்றேன்."