இரு பக்கத்துப் பகிடிகள்

தவமலர் அக்கா மெல்லிய குரலில்தான் கதைப்பார். ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் இடமொன்றில் நானும் அவரும் ஒரே மேசையில் நின்று தட்டுகளில் கரண்டியும் வெண்ணெய்க் கட்டியும் அடுக்குவோம். வெள்ளிக்கிழமை இரவுகளில் தமிழ் வானொலியில் அரசியல்வாதிகளைக் கிழிப்பவர் இவர்தான் என்று சொன்னால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

2001இல் கணவர் கிருஷ்ணராசாவுடன் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தவர். அடுத்த வருடம் ஒரு பிறந்தநாள் விழாவில் கொழும்பு அமைச்சர் ஒருவரின் குரலில் பேசிக் காட்டியபோது, சிறிய வானொலி நிலையம் நடத்திய பவித்திரன் அங்கே இருந்தார். அடுத்த மாதமே ‘பத்துமணிப் பகிடி’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

அது சமாதானக் காலம். ஊரில் துவக்குகள் சுடாமல் ஓய்ந்திருந்தன, சனத்துக்குச் சிரிக்க மனம் வந்திருந்தது. “இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தைக்கு வெளிநாடு போச்சினம். முதல் நாள் என்ன பேசினவை தெரியுமோ? அடுத்த முறை எந்த நாட்டுக்குப் போறது எண்டு” என்பார். அரசாங்கத்தைப் பற்றி இப்படி: “சமாதானத்துக்கு ஒரு அமைச்சு, சண்டைக்கு ஒரு அமைச்சு. இரண்டுக்கும் ஒரே ஆள்தான் தேத்தண்ணி கொண்டு போறான். நாட்டிலை என்ன நடக்குது எண்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும்.” போராளி இயக்கத்துக்குக் காசு சேர்க்க வருகிறவர்களைப் பற்றி இப்படி: “முந்தி கதவைத் தட்டினால் ‘ஆர்’ எண்டு கேப்பம். இப்ப ‘எவ்வளவு’ எண்டு கேக்கிறம்.”

2006இல் ஊரில் திரும்பவும் சண்டை மூண்டது. அதன் பிறகு நேயர்கள் சிரிக்கவில்லை, எந்தப் பக்கத்துக்கு எத்தனை பகிடி என்று எண்ணத் தொடங்கினார்கள். “நீங்கள் எந்தப் பக்கம் அக்கா?” என்று ஒருவர் கேட்பார். “அவள் அவங்கடை ஆள்” என்று இன்னொருவர் தொலைபேசித் தொடுப்பில் வந்து சொல்வார். யாருடைய ஆள் என்பது வாரத்துக்கு வாரம் மாறும்.

ஒரு ஞாயிறு மதியம் அக்கா வீட்டுத் தொலைபேசி அடித்தது. மரியாதையான ஆண்குரல்.

“உங்கடை தங்கச்சி சுசிலா வவுனியாவிலை இன்னும் படிப்பிக்கிறாவோ?”

“ஓம். நீங்கள் ஆர் கதைக்கிறது?”

“சும்மா கேட்டனான். கவனமாய் இருக்கச் சொல்லுங்கோ.”

வைத்துவிட்டார். அடுத்த நாள் வேலையில் அக்கா எனக்கு இதைச் சொன்னார். “எந்தப் பக்கத்துக் குரல் எண்டு தெரிஞ்சாலாவது ஆரிட்டையும் போய்க் கதைக்கலாம், பிள்ளை. தெரியேல்லையே. நல்ல தமிழ் கதைச்சவன், அவ்வளவுதான்.”

அந்த வாரமே நிலையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பவித்திரன் உறையோடு கொடுத்தார். உள்ளே படியெடுத்த ஒரு தாள். பதினான்கு பகிடிகள், திகதியோடு, முத்து முத்தான கையெழுத்தில். எல்லாம் இயக்கத்தைப் பற்றியவை. அடியில் வேறொரு பேனாவால் ‘போதும்’ என்று எழுதியிருந்தது.

கிருஷ்ணராசா அண்ணை முன்கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார். நிகழ்ச்சியை விடச் சொன்னார். அக்கா யோசித்துக்கொண்டிருக்கும்போதே வவுனியாவிலிருந்து சுசிலா தொலைபேசி எடுத்தாள். இடைவேளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேர் வந்து ஒரு தாளைக் காட்டி, “இது உங்கடை அக்காதானே?” என்று கேட்டுவிட்டு, தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“ஆர் எண்டு கேட்டியோ?”

“கேக்கேலுமோ அக்கா?”

“அதிலை என்ன கிடக்கு, வாசி.”

சுசிலா வாசித்தாள். தேத்தண்ணிக்காரன் பகிடிதான் முதலாவது. மொத்தம் பதின்மூன்று, எல்லாமே அரசாங்கத்தைப் பற்றியவை. இயக்கத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பிறகு ஆசிரியை என்ற பழக்கத்தில் சொன்னாள்: “எழுதினது வயசான ஆள் அக்கா. ‘லை’, ‘னை’ எல்லாம் பழைய மாதிரி யானைத் தும்பிக்கை போட்டு எழுதியிருக்கிறார்.”

அக்கா தன்னிடமிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். அதிலும் ஒவ்வொரு ‘லை’க்கும் தும்பிக்கை.

அந்த எழுத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார். நிலையத்துக்கு மாதம் தவறாமல் பாராட்டுக் கடிதம் போடும் நேயர் விஜயரத்தினம். மோர்டன் விலாசம். சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ரயிலில் யாராவது எங்கள் பெட்டியில் ஏறினால் என் முழங்கையைப் பிடிப்பார், இறங்கினால் விடுவார்.

விஜயரத்தினம் ஐயா ஊரில் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. நாங்கள் கேட்கும் முன்பே ஒரு கொப்பியைக் கொண்டுவந்து விரித்தார். இடப்பக்கம் இயக்கம், வலப்பக்கம் அரசாங்கம்.

“இஞ்சத்தைத் தமிழ்க் கடையிலை நெடுகலும் சண்டை, தங்கச்சி. நீங்கள் அரசாங்கத்தின்ரை ஆள் எண்டு ஒருத்தர், இயக்கத்தின்ரை ஆள் எண்டு மற்றவர். நான் எழுதி வைச்சுப் பாத்தன். பதினாலுக்குப் பதின்மூண்டு. இதைவிட நடுநிலை ஆரால ஏலும்? எல்லாரும் பாக்கட்டும் எண்டு தாளின்ரை இரண்டு பக்கமும் வர இருபது படி எடுத்துக் கடை மேசையிலை வைச்சனான். ஒரு கிழமையிலை முடிஞ்சுது.”

அக்கா கைப்பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஐயா அதைத் திருப்பிப் பார்த்தார். பின்புறம் வெறுமை.

“மற்றப் பக்கம் எங்கை?”

“வவுனியாவிலை” என்றார் அக்கா.

ஐயாவுக்கு விளங்கவில்லை. அக்கா முழுவதையும் சொன்னார். ஐயா எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். வெளியே நல்ல வெயில்.

“என்ரை எழுத்தல்லோ இது” என்றார். “என்ரை மகள் மன்னாரிலை இருக்கிறாள்.”

அக்கா அவரை ஏச வந்தவர். ஏசவில்லை. கிழவர் கொப்பியைக் கிழிக்கத் தொடங்கினார். மட்டை தடிப்பாக இருந்தது, கிழிபடவில்லை. அக்கா மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார்.

நிகழ்ச்சியை நிறுத்தப் போவதாக அக்கா சொன்னார். பவித்திரன் விட விரும்பவில்லை. “திடீரெண்டு நிப்பாட்டினா ஏதோ இருக்கு எண்டுதான் கதைப்பினம் அக்கா. அரசியலை விட்டுட்டு வேறை ஏதும் சொல்லுங்கோ.” அந்த வெள்ளிக்கிழமை அக்கா ஒரு மணித்தியாலம் மழையையும் பஸ்ஸையும் கவுன்சில் குப்பைத் தொட்டியையும் பற்றிப் பகிடி சொன்னார். முதலாவதாகத் தொடுப்பில் வந்தவர் கேட்டார்: “ஆர் உங்களை வாங்கினது?” இரண்டாவது ஆளும் அதையே கேட்டார், வேறு பக்கத்தை மனதில் வைத்து. அதுதான் அவருடைய கடைசி நிகழ்ச்சி.

சுசிலா பள்ளிக்கூடத்தில் சுகயீன லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு சிறிய பையோடு கொழும்புக்குப் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள் தகவலே இல்லை. வீதியில் எத்தனை சோதனைச் சாவடி என்று அக்கா விரல் மடித்து எண்ணுவார், பாதியில் விட்டுவிடுவார். சில தட்டுகளில் இரண்டு கரண்டி வைத்தார், சிலவற்றில் ஒன்றுமே வைக்கவில்லை. சூப்பர்வைசர் பார்க்கும் முன்பு நான் சரி செய்துகொண்டே வந்தேன். பத்தாம் நாள் இடைவேளையில் கைத்தொலைபேசி அடித்தது. எண்ணைப் பார்த்தவர் எடுக்கப் பயந்து என்னிடம் நீட்டினார்.

“அக்காவோ?” என்றாள் சுசிலா. “திருச்சிக்கு வந்திட்டன்.”

நான் சொன்னதும் அக்கா தொலைபேசியை என் கையிலிருந்து பறித்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பவித்திரன் சினிமாப் பாட்டுப் போட்டார். விஜயரத்தினம் ஐயாவிடமிருந்து பிறகு கடிதமே வரவில்லை. மகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று மட்டும் யாரோ சொல்லி அறிந்தோம். அந்த மரியாதையான குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த இரண்டு வருடமும் அக்காவும் தங்கையும் தொலைபேசியில் வெயிலையும் அரிசி விலையையும் பற்றியே கதைத்தார்கள். 2008இல் ஒருநாள் நான் அவர் வீட்டில் இருந்தபோது திருச்சியிலிருந்து சுசிலா தொலைபேசி எடுத்தாள். தானாகவே ஏதோ அரசியல் பகிடி சொன்னாள் போலிருக்கிறது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, ரிசீவரைக் காதோடு அழுத்தி, இணைப்பில் வேறு யாரும் மூச்சு விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.