நான் ஊற்றிய ஆயில்

கடற்காற்றில் ஷெட்டிலேயே கிடந்து இன்ஜின் இறுகிப்போன பழைய அம்பாசடர் அது. அதை ஓடவைப்பவனுக்கே டிரைவர் வேலை, ஷெட்டை ஒட்டிய அறையும் உண்டு என்று காரின் சொந்தக்கார அம்மா சொல்லியிருந்தார். திருவிடந்தைக் கோயிலில் கல்யாணம் வேண்டி மாலை வாங்கிப் போனவர்கள், கல்யாணம் முடிந்ததும் அந்தக் காய்ந்த மாலையோடு ஜோடியாக வருவார்கள். அவர்களை அழைத்துவரத்தான் கார். எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. பள்ளியைப் பாதியில் விட்டு லாரி லாரியாகச் சுற்றியவன் நான். அப்போது கேளம்பாக்கத்தில் ஒரு கடை வாசலில் படுத்துக்கொண்டிருந்தேன்.

போட்டிக்கு வந்தவன் குப்பத்தில் படகு இன்ஜின் பார்ப்பவன். அம்மாவுக்கு அவன் 'தம்பி', நான் 'ஏம்பா'. அதுவே எனக்கு ஆகவில்லை.

முதலில் அவன்தான் இறங்கினான். படகைக் கரையேற்றும் டிராக்டரைக் கொண்டுவந்து, காரைக் கியரில் போட்டுக் கயிறு கட்டி இழுத்தான். பின்சக்கரங்கள் உருளவே இல்லை; மணலில் இரண்டு கோடு விழுந்ததுதான் மிச்சம்.

"இன்னாபா, வலை இழுக்கிறியா?" என்றேன். அவனும் சிரித்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு நான் பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஒவ்வொரு துளையிலும் ஊற்றினேன். தினமும் காலையில் வந்து ஊற்றிவிட்டுப் போவேன். அவனைக் கிட்டே விடவில்லை.

நன்றாக ஊறியிருக்கும் என்று தோன்றிய அன்று என் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு வந்தேன். இன்ஜின் முன்பக்க நட்டில் ஸ்பேனரை மாட்டித் தொங்கினேன். அசையவில்லை; உள்ளங்கைத் தோல்தான் உரிந்தது.

"குடு அண்ணாத்த" என்று அவன் வாங்கினான். அவன் கையில் இறுக்கம் டக்கென்று விட்டு இன்ஜின் சுழன்றது. சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மா சாவியை அவனிடமே கொடுத்தார். ஆயில் ஊற்றியதெல்லாம் நான்தான் என்று அவன் சொல்லத்தான் செய்தான். அவர் தலையாட்டினார்.

அவன் என் பையைப் பார்த்தான்.

"ரூம்ல ரெண்டு பேரு படுக்கலாம். பைய உள்ள வை."

அவன் மட்டமானவனாக இருந்திருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன். செங்கல்பட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஒரு வேலையும் இல்லை.

ஆனாலும் மதியம்வரை ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பஸ்கள் வந்து போயின. கடைசியில் கார் வந்தது. ஓட்டியவன் என்னைக் கவனிக்கவில்லை. பின்னால் வெள்ளையாக ஒரே புகை. நான் ஊற்றிய ஆயில்தான் எரிந்துகொண்டு போனது.