கணவரின் இலாகாவைக் கண்டித்து நான் எழுதிய மனு

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் மூன்று மாதம் இருந்தபோது எங்கள் காஜா பெராங் பகுதியே காய்ச்சலில் படுத்தது. எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். என் கணவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் மருந்து கலந்து கொடுப்பதும் அவர் வேலை. எங்கள் வரிசை வீடுகளில் வேறு அரசாங்க ஆள் யாரும் இல்லாததால், எல்லோருக்கும் அவர்தான் அரசாங்கம்.

அதிகமாகத் திட்டியவர் பக்கத்து வீட்டுத் தையற்காரர். வீட்டின் முன்பகுதிதான் அவருடைய கடை. என் கணவர் சைக்கிளிலிருந்து இறங்குவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"ஏன் தம்பி, சிங்கப்பூருக்குக் காய்ச்சல் வந்துடுச்சுன்னு பேப்பர்லயே போட்டாங்கல்ல? அப்பவே தடுக்கக் கூடாதா? உங்க ஆபீஸ்ல என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"இது புதுசுண்ணே. எப்பவும் வர்ற சளிக்காய்ச்சல் கிருமிதான், ஆனா மாறிப்போய் வந்திருக்கு. நம்ம உடம்புக்கு இது பழக்கமில்ல. டாக்டருங்களே அப்படித்தான் சொல்றாங்க."

"கிருமி மாறுது. கவர்மெண்டும் மாறப்போவுது. நீங்க மட்டும் மாற மாட்டீங்க போல!"

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் கோபம் வந்தது. காலையிலிருந்து நின்ற காலோடு வேலை பார்த்துவிட்டு வருகிற மனுஷனை இப்படியா பேசுவது?

ஆனாலும் தையற்காரர் சொன்னதில் நியாயம் இருந்தது. மருந்து வேண்டுமென்றால் காய்ச்சலோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். டிரைவர்களும் படுத்துவிட்டதால் பஸ்களும் சரியாக ஓடவில்லை. காஜா பெராங்கிலேயே ஓர் இடத்தில் மருந்து கொடுக்கும்படி சுகாதார ஆபீசுக்கு மனு எழுதுவது என்று தையற்காரர் முடிவு செய்தார். இங்கிலீஷில் எழுதத்தான் ஆள் இல்லை. நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி என்னைத் தேடி வந்தார். நான் கான்வெண்டில் ஏழு வருஷம் படித்தவள்.

"நீ எழுதிக் குடு தங்கச்சி. உன் வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்லா."

இரண்டு அறை வீட்டில் தெரியாமல் எப்படி எழுதுவது? எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் பின்னால் வந்து நின்றார். நான் கையால் மறைத்தேன். கையை மெதுவாக எடுத்துவிட்டுப் படித்தார். 'அலட்சியம்' என்பதற்கு நான் எழுதியிருந்த இங்கிலீஷ் வார்த்தையில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பேனாவை வாங்கி அதைத் திருத்தினார்.

"இன்னும் கொஞ்சம் காரமா எழுது" என்றார். "இருக்கிற டிரஸருங்க போதாதுன்னும் போடு. நாங்க கேட்டா யாரு காதுல வாங்கறாங்க?"

மறுநாள் வரிசை முழுக்கக் கையெழுத்து வாங்கினோம். அதற்கு மறுநாள் மனுவைக் கொண்டுபோக வேண்டிய தையற்காரரே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

"ரெண்டு நாள் பொறு. நானே நேர்ல போய் நல்லாக் கேக்கறேன்" என்று முனகினார்.

"நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள சுதந்திரமே வந்துடும்" என்றார் அவர் மனைவி. "வா தங்கச்சி, நாம போவோம்."

நடந்தே போனோம். சுகாதார ஆபீசில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஒரே ஒரு மலாய் அதிகாரி மட்டும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனுவைக் கடைசி வரி வரை படித்தார். யார் எழுதியது என்று மலாயில் கேட்டார். நான் என்றேன். கணவர் என்ன செய்கிறார் என்றார். ஆஸ்பத்திரியில் டிரஸர் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பள்ளிக்கூடம் மூடித்தான் கிடக்கிறது, இடம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, ஆள்தான் இல்லை என்றார். அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். "நாங்க இருக்கோம்னு சொல்லு" என்றார் அக்கா. சொன்னேன்.

இரண்டு நாளில் பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டாயிற்று. மருந்துப் பீப்பாயோடு அரசாங்கம் அனுப்பிவைத்த டிரஸர் என் கணவர்தான். வருகிறவர்கள் அவரவர் புட்டி கொண்டுவர வேண்டும். கிச்சாப் என்கிற சோயா சாஸ் புட்டி, பிராந்திப் புட்டி, மல்லிகை வாசம் போகாத தலையெண்ணெய்ப் புட்டி என்று வந்தன. அக்கா கழுவித் தருவார், நான் மருந்தை ஊற்றி, தினம் எத்தனை வேளை என்று காகிதத்தில் எழுதி ஒட்டுவேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முழுப் பகலும் நானும் அவரும் ஒரே இடத்தில் இருந்தது அப்போதுதான். வரிசை எவ்வளவு நீண்டாலும் எனக்குக் கால் வலிக்கவில்லை.

தையற்காரர் எழுந்து நடமாடியதும் முதல் வேலையாக அங்கே வந்தார். ஒரு மடக்குக் குடித்தார்.

"என்ன தம்பி, கவர்மெண்டு இதுலயும் தண்ணியக் கலந்துட்டானா?"

"தண்ணி கலந்துதாண்ணே குடுக்கணும்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே வரிசையை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். சாயந்திரம் வரை அவர் குரல்தான் கேட்டது.

எல்லோரும் பிழைத்துவிடவில்லை. தெங்கேராவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் இறந்துபோனார். அன்று தையற்காரர் யாரையும் குறை சொல்லவில்லை. சுடுகாடு வரை போய்வந்து, கடையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு வரிசை குறைந்தது. பள்ளிக்கூடம் திறந்தது, பிள்ளைகளின் சத்தம் தெரு வரை கேட்டது. எல்லாம் முடிந்தது என்று மேசையைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது.

என் கணவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அடுப்பு மூட்டினார். புகையைப் பார்த்துத் தையற்காரர் ஓடிவந்துவிட்டார். அறைக்குள் படுத்திருந்த எனக்கு இருவரும் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று சண்டை போடுவது கேட்டது. அக்கா வந்து இருவரையும் வெளியே போகச் சொன்னார். என் கணவர் மட்டும் போகவில்லை. கிண்ணத்தை அவரே கொண்டுவந்தார். அடிப்பிடித்த கஞ்சி, உப்பும் இல்லை. நெற்றி கொதிக்கக் கொதிக்கச் சிரித்துக்கொண்டே இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.