ஒரே டப்பாவில் கொட்டிய மணிகள்

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வந்த உறவினர்களால் வீடு நிரம்பியிருந்தது. ஆப்பிரிக்காவின் சுவாஹிலிக் கடற்கரையில், எழுநூறு வருடப் பழமையான நகரம் ஒன்றைத் தோண்டும் குழுவில் என் மகள் இருக்கிறாள். அங்கே கிடைத்த கண்ணாடி மணிகளைச் சோதனைக்காகச் சின்னச் சின்னக் கவர்களில் கொண்டுவந்திருந்தாள். அந்தக் காலத்தில் நம் நாட்டிலிருந்து கப்பலில் போனவையாம். பிள்ளைகள் தொலைத்துவிடுவார்களோ என்று பயந்து, எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிப் பீரோவில் பூட்டினேன்.

டப்பாவைத் திறந்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பசங்க ஓடிகினு இருந்தாங்க, அதான். ஒண்ணுகூட தொலையலம்மா,” என்றேன்.

“எது எந்த வீட்டுல கெடச்சதுன்னு கவர் மேலதான் நைனா எழுதியிருந்தேன். கல்லு வீட்டுக்காரங்க போட்டதா, மண் வீட்டுக்காரங்க போட்டதான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது.”

மணிகளைப் பிரிக்கப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

தன் கவனக்குறைவால் மணிகள் கலந்துவிட்டன என்று குழுத்தலைவருக்கு எழுதினாள்.

“நான்தான் செஞ்சேன்னு எழுதும்மா,” என்று கெஞ்சினேன்.

“உன்னை நம்பியா குடுத்தாங்க நைனா? என்னை நம்பித்தான குடுத்தாங்க.”

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் பயத்தை அக்கறை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். குழுத்தலைவரின் பதில் இன்னும் வரவில்லை. அவள் போன் ஒலிக்கும்போதெல்லாம் செய்கிற வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நிற்கிறேன். எடுத்துப் பார்த்துவிட்டு, “அது இல்ல நைனா,” என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.