டத்தோவுக்கு ஒரு கோல்

"கடல் தாண்டிப் போய் ஒரு பேக்கைப் பார்த்துட்டு வந்தியா?" என்று திருச்சியில் என்னைக் கேலி செய்கிறார்கள். கோல் போட்டவனுக்குத்தான் மாலை, தடுத்தவனுக்கு முழங்காலில் மருந்து என்பது அவர்கள் கணக்கு. நானும் மில் அணியில் தடுப்பாட்டக்காரனாக, அதாவது பேக்காக, காலத்தைக் கழித்தவன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஞாயிறு காலை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், என் மனைவியின் தம்பி மாணிக்கம் வீட்டில் கண் விழித்தேன். தெருக்கோடியில் புது ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கீழே கடையில் ரொட்டி சானாயும் தேநீரும் இரண்டு வெள்ளி. ரிங்கிட்டை அங்கே நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நம் பரோட்டாவுக்குத் தம்பி மாதிரி இருந்தது, அண்ணன்தான் ருசி.

மதியம் கிள்ளானுக்கு பஸ். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கிள்ளானில் நாற்பது வயது தாண்டியவர்களின் பந்தாட்டம், மாணிக்கம்தான் கோல்கீப்பர். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நெட்டை வெள்ளைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார். மூக்கு இரண்டு இடத்தில் உடைந்து ஒட்டியிருந்தது.

"நம்ம டீம் பேக், மச்சான். நீல்ஸ். டென்மார்க்காரரு" என்றான் மாணிக்கம்.

நீல்ஸ் சொந்த ஊரில் பதினெட்டு வயதில் ஆடத் தொடங்கி, ஜெர்மனியில் சில வருடம், கடைசியாக மலேசியாவில் இரண்டு பருவம். முழங்கால் போனதும் கிளப் கைகழுவிவிட்டது. ஆனாலும் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார். மொத்தம் எத்தனை கோல் என்று கேட்டேன். "ஒன்று. அதுவும் என் முதுகில் பட்டுப் போனது" என்றார் ஆங்கிலத்தில். அந்த இடத்திலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

மாணிக்கம் என் காதருகே குனிந்தான். "இன்னைக்கு எதிர் டீம்ல டத்தோ வெளாடுறாரு. பெரிய முதலாளி, டத்தோங்கிறது சுல்தான் குடுத்த பட்டம். பிள்ளைங்களுக்கு பந்து பள்ளி தொறக்கிறாரு, நீல்ஸுக்குத்தான் கோச் வேலை. அது கெடைக்கலன்னா மாசக் கடைசியில இவரு இங்க தங்குற பெர்மிட் முடிஞ்சிரும். டத்தோ வந்தா எல்லாரும் வழி விடுவோம், ஒரு கோல் போட்டுட்டு சந்தோஷமா போவாரு. இவரு மட்டும் கேக்க மாட்டேங்கிறாரு."

பிறகு நீல்ஸிடம் திரும்பி, "ஒன் கோல் மட்டும் லா, பாஸ்" என்று அந்த ஊர் 'லா' போட்டுக் கெஞ்சினான்.

"தாக் போலே" என்றார் நீல்ஸ். மலாயில் 'முடியாது' என்று பொருளாம்.

"நீங்களாச்சும் சொல்லுங்க மச்சான். நீங்களும் பேக்தானே?"

"அதனாலதான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

இந்த வழக்கம் நமக்கும் புதிதல்ல. எங்கள் ஊர்ப் பொங்கல் போட்டியில் சேர்மன் பந்தை உதைக்கும்போது கோல்கீப்பர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பார்.

மாலை ஆட்டம் தொடங்கியது. டத்தோ நம் தமிழ் ஆள்தான். புது பூட்ஸ், பத்தாம் நம்பர் சட்டை, முன்னால் ஒரு நல்ல தொப்பை. முதல் பாதியில் ஆட்கள் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டும் பந்தை வெளியேதான் அடித்தார். இரண்டாம் பாதியில் பந்தோடு தனியாக வந்தார். மாணிக்கம் கோலின் ஒரு மூலைக்கு முன்கூட்டியே நகர்ந்துவிட்டான், வெட்கம் கெட்டவன். அப்போது நீல்ஸ் அந்த நொண்டிக் காலோடு புல்லில் சறுக்கி வந்து பந்தை மட்டும் சுத்தமாக எடுத்துப் போனார். டத்தோ உட்கார்ந்துவிட்டார். நடுவர் விசிலை வாயில் வைத்தார், தவறு எதுவும் இல்லாததால் எடுத்துவிட்டார்.

நீல்ஸ் திரும்பி வந்து கை கொடுத்தார். டத்தோ அதைத் தொடவில்லை.

"நான் யாருன்னு தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் உறுமினார்.

"தெரியும். நம்பர் டென்."

நான் எழுந்து நின்று கைதட்டினேன். திடலில் வேறு யாரும் தட்டவில்லை. போகட்டும். அதன் பிறகும் இரண்டு முறை டத்தோ முட்டிமோதி வந்தார், இரண்டு முறையும் பந்து நீல்ஸின் காலில். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. டத்தோ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரேறிப் போனார்.

"வேலையும் போச்சு, பெர்மிட்டும் போச்சு. ஒரு கோல்தானே லா!" மாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டான்.

நீல்ஸ் முழங்காலில் ஐஸ் பையை வைத்து அழுத்தியபடி சொன்னார்: "இன்று வழிவிட்டால், நாளை அந்தப் பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுப்பது?"

எனக்குக் கண் கலங்கியது. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

நான் கிளம்பிய அன்று சுபாங் விமான நிலையத்தில் மாணிக்கம் செய்தி சொன்னான். வேலை இல்லை என்று டத்தோ ஆள் அனுப்பிவிட்டாராம். நீல்ஸ் மாசக் கடைசியில் ஊருக்குப் போகிறார். "வர்ற ஞாயிறு மேட்சுக்கு வரேன்னு சொல்லிட்டாரு மச்சான். டத்தோவும் வராராம்" என்றான். அவன் குரலில் இந்த முறை கெஞ்சல் இல்லை.

ஊர் வந்து சேர்ந்தேன். பொங்கல் போட்டிக்கு ஆள் சேர்க்க வந்த குழுச் செயலாளர், "பழைய ஆட்டக்காரங்க எல்லாம் எறங்குறாங்க, நீங்க பேக்ல நில்லுங்க சார். சேர்மனுக்கு வழக்கம்போல ஒரு கோல் விட்டுடுங்க" என்றார்.

"தாக் போலே" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. போட்டியன்று புரியும்.